கடலுக்கு லக்கேஜ் டிக்கெட்

மண்டபம் பஸ்ஸில் முதல் தடவை
ஆறு கேன் ஏற்றியபோது
கண்டக்டர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.
சாராயம் இல்லை.
"தண்ணியா? மதுரைக்கா? உப்புத்தண்ணியா?"
ஒவ்வொன்றாகக் கேட்டு
ஒவ்வொன்றுக்கும் என்னைத் தலையாட்ட வைத்து
கடலுக்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.
கேனுக்கு இரண்டு ரூபாய்.
சீட்டு இன்னும் இருக்கிறது,
ஆடிட்டுக்கு எடுத்துவைத்தது.
ஆடிட்டர் ஏற்கவில்லை.

பரமக்குடி தாண்டுகையில் ஒரு கேன் கசிந்து
சீட்டுகளுக்கு அடியில் ஓடியது.
எல்லாரும் காலைத் தூக்க
கருவாட்டுக் கூடைக்காரி மட்டும்
வைத்த காலை எடுக்கவில்லை.

நாகமலை அடிவாரத்தில் ஆய்வுக்கூடம்.
ஜன்னலில் பாறை. பாறைக்கு அந்தப்புறமும் பாறை.
இங்கே கடல் என்பது
ஆயிரத்துக்கு முப்பத்தைந்து பங்கு உப்பு,
இருபத்தெட்டு டிகிரி,
ஓயாமல் குமிழி விடும் ஒரு கல்.
இவ்வளவுதான் கடல் என்று
இறால்களை நம்பவைக்க எனக்குச் சம்பளம்.

முனைவர் பட்டத்துக்கு விரால் வளர்த்தேன்.
மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டிய மீன்.
தொட்டி ஆழமாக ஆக
தின்றதையெல்லாம் ஏறி இறங்கியே செலவழிக்கும்,
வளராது.
நாளைக்கு எத்தனை தடவை என்று
ஸ்டூலில் உட்கார்ந்து கோடு போட்டேன்.
கழிவைப் பிப்பெட்டில் உறிஞ்சி, உலர்த்தி,
மில்லிகிராமில் நிறுத்தேன்.
உசிலம்பட்டியில் ஒரு கல்யாணப் பந்தி:
"ஒச்சம்மா, மதுரையில என்ன வேலை பாக்குறே?"
"மீன் சமாச்சாரம். எடை போடுறது."
"நெல்பேட்டையிலயா?"
ஆமாம் என்றிருக்கலாம்.
மீனோட பீயை, என்றேன்.
பக்கத்து இலைக்காரர் பாயசத்துக்கு நிற்கவில்லை.

அப்புறம் புலி இறால்.
சினைப்படாத பெண்ணுக்குக்
கண்காம்பு ஒன்றை வெட்டவேண்டும்.
முட்டையைத் தடுத்துவைக்கும் சுரப்பு
அதற்குள்தான் இருக்கிறது.
சுட்ட இடுக்கி. ஒரு கண். ஒன்றே ஒன்று.
நாலாம் ராத்திரி டார்ச் அடித்தால்
முதுகோரம் பச்சையாய் ஒரு பட்டை தடித்திருக்கும்.
கண்ணுக்கு மீனைச் சொல்லும் ஊரில்
மீனுக்கு,
இல்லை, இறால் மீனே இல்லை,
அதற்குக் கண் வெட்டுகிற வேலை எனக்கு.
ஆயிரத்து நானூறு வரை நோட்டில் இருக்கிறது.
பிறகு மாணவர்கள் வெட்டினார்கள்,
நான் டார்ச் பிடித்தேன்.
வெட்டாமலே சினைப்படுத்த
கணவாய், மட்டி, கடற்புழு என்று
பதினோரு வருடம் தீவனம் அரைத்தேன்.
பாதி பலித்தது.
பாதி பலித்ததை எந்தப் பண்ணையும் வாங்குவதில்லை.

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி கரண்ட் போனது.
ஜெனரேட்டர் பெல்ட் அறுந்தது.
காற்றுக்கல் ஒவ்வொன்றாய் வாயடைத்தது.
உதவியாளர் வில்லாயுதம்
சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு
தொட்டிக்குள் கையை விட்டுக் கலக்க ஆரம்பித்தார்.
அடுத்த தொட்டியில் நான்.
வலது கை ஓய்ந்தால் இடது கை.
விடியும்வரை தண்ணீர் மட்டும் பேசியது.
இருநூற்றுப் பன்னிரண்டில் நாற்பத்தொன்று மிச்சம்.
கட்டுரையில் அது ஒரே வரி:
இடைக்கால இழப்பு நீக்கிக் கணக்கிடப்பட்டது.
செய்முறைப் பகுதியில்
வில்லாயுதத்தின் கைகளை எழுதியிருந்தேன்.
மதிப்பீட்டாளர் அடித்துவிட்டார்:
மற்றவர்கள் இதைத் திரும்பச் செய்ய இயலாது.

பழைய கடலை எங்கே கொட்டுவது?
எந்தத் திட்ட அறிக்கையிலும் அந்தக் கேள்வி இல்லை.
கூடத்துக்குப் பின்னால், வேலி ஓரம் ஊற்றினோம்.
முதல் வருடம் வேம்பு பட்டது.
அப்புறம் புல்.
சீமைக்கருவேலம் மட்டும் அசைந்துகொடுக்கவில்லை.
இன்று பத்து சென்ட் இருக்கும்,
சித்திரையில் வெள்ளையாய்ப் பூத்துக் கிடக்கிறது.

கீழக்குயில்குடி ஆடுகள் வேலி நுழைந்து
அந்த மண்ணை நக்குகின்றன.
வாட்ச்மேன் கல்லெடுத்தார்.
விடச் சொன்னேன்.
எத்தனை ஆடு, எவ்வளவு நேரம்,
குட்டி எத்தனை தடவை திரும்பி வருகிறது என்று
ஓய்வூதியப் படிவத்தின் பின்பக்கம்
கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன்.